பூச்சியம் தசம் மூன்று ஒன்று

இருபது கிராமம், கிராமத்துக்கு முப்பது பேர்.
பத்து ஊருக்குக் கிழமைக்கொருதரம் குழு ஆலோசனை,
பத்து ஊருக்கு வெறும் துண்டுப்பிரசுரம்.
எந்த ஊருக்கு எது என்று பிரித்தது கணினி.
அதற்கு நான் கொடுத்த விதை எண்
முல்லைத்தீவு பஸ் டிக்கெற்றின் கடைசி நாலு இலக்கம்.
விதை என்றதும் யசோதினி சிரித்தாள்:
"காலபோகத்துக்கோ மிஸ், சிறுபோகத்துக்கோ?"

பன்னிரண்டு வருசமாக இதுதான் என் தொழில்.
பிறர் துக்கத்தைப் பூச்சியத்திலிருந்து மூன்றுவரை எண்ணுவது.
வைத்தியம் படிக்காத ஒருத்தி
வைத்தியம் கேட்குதா என்று தீர்ப்புச் சொல்வது.
வங்கிக்காரர் தன் படிவத்தில்
"கணக்கு ரீச்சர்" என்று எழுதிக்கொண்டார்.
நான் திருத்தவில்லை.

ஒரே ஊர்க்காரர் ஒருவரையொருவர்
எவ்வளவு ஒத்திருக்கிறார்கள் என்பதற்கு ஓர் எண் உண்டு.
பிறநாட்டுக் கட்டுரைகளில் அது கடுகு:
பூச்சியம் தசம் பூச்சியம் இரண்டு.
எனக்கு வந்தது மூன்று ஒன்று.
அதாவது, ஓர் ஊரில் முப்பது பேரைக் கேட்டாலும்
மூன்று பேரைக் கேட்டதுபோல.
அறுநூறு பேரின் நித்திரை
அறுபது பேரின் நித்திரையாய்ச் சுருங்கியது.
ஆலோசனை கேட்டதா?
அறுபது பேரை வைத்துச் சொல்ல முடியாது.

மதிப்பாய்வாளர் கேட்டிருந்தார்: "தட்டச்சுப் பிழையா?"
மூன்று தரம் ஓடவிட்டேன்.
மூன்று தரமும் மூன்று ஒன்று.

உள்ளுக்குள் பெருமைப்பட்டேன், அதையும் சொல்லவேண்டும்.
ஒரே பாதையால் நடந்தவர்கள்,
ஒரே மண்ணை வெட்டி ஒரே குழிக்குள் படுத்தவர்கள்,
ஒரே முகாமில் ஒரே தண்ணீர் வரிசை,
பின் எப்படிக் கடுகாகும் என்று
இரண்டு பக்கம் எழுதினேன்.
அழகான இரண்டு பக்கம்.
மேற்கோள் பதினொன்று.

யசோதினி விரல் நனைத்துப்
படிவக்கட்டைப் புரட்டினாள்.
"மிஸ், இந்த மூன்று ஊரும் காட்டுக்கரை.
நாங்கள் போன கிழமைக்கு முதல்
ஒன்பது இரவு யானை.
கதிர் பால்பிடிச்ச நேரம், ஊரே முழிப்பு.
அவையளிட்டைப் போய்
'கடந்த இரண்டு கிழமை நித்திரை எப்படி' என்றால்?"

முத்தையன்கட்டுக்கு அப்பால் போய்ப் பார்த்தோம்.
வாழைகள் இடுப்பொடிந்து கிடந்தன.
வேலிக்கட்டை நட்டுக்கொண்டிருந்த அமிர்தலிங்கம்
நிமிராமலே சொன்னார்:
"உங்கட பேப்பரில யானைக்கு இடம் விடேல்லையே."

இரண்டு பக்கத்தையும் அழித்தேன்.
மூன்று ஊரையும் ஒதுக்கி ஓடவிட்டேன்.
பூச்சியம் தசம் ஒன்று ஏழு.
ஐந்நூற்றுப் பத்துப் பேர், எண்பத்தாறு பேர்.
யானையைக் கழித்தும்
கடுகாகவில்லை.

திரும்பும் பஸ்ஸில், மாங்குளம் தாண்டியபின்
கச்சான் சரையைப் பிரித்தபடி யசோதினி:
"யானைக்கு ஊர் முழுக்க முழிச்சிருக்கிறதில்லை மிஸ்.
முறைவைச்சுத்தான் காவல்.
மற்ற ஆக்கள் படுக்கலாம்.
வெடி போட்டால்தான்..."
கச்சான் கோதை யன்னலால் எறிந்தாள்.
"எங்கட வீட்டில அம்மா கட்டிலுக்குக் கீழ போயிடுவா.
யானைவெடி என்று தெரியும். தெரிஞ்சும்தான்."

அப்படியென்றால் அந்த மூன்று ஊரையும்
திருப்பிச் சேர்ப்பதா?
எந்தப் பெயரில்?
யானை என்று ஒரு நிரல் போடலாம்,
ஆம், இல்லை, ஒன்று, பூச்சியம்.
தெரிந்தும் கட்டிலுக்குக் கீழே போவதை
எந்த நிரலில் போடுவது?

பதவி உயர்வுப் படிவம் கேட்கிறது:
"முக்கிய கண்டுபிடிப்பு, ஐம்பது சொற்களுக்குள்."
அது அப்படியே கிடக்கிறது.
மதிப்பாய்வாளருக்கு மட்டும் தொடங்கினேன்:
"தட்டச்சுப் பிழை இல்லை."

அடுத்த சொல் வரவேண்டிய இடத்தில்
கோடு ஒன்று விட்டுவிட்டு எரிகிறது,
வயற்கரையில் ஆரோ
ரோச் அடித்துப் பார்ப்பதுபோல.